சீனி போடாத வாழைப்பழக் கேக்

என் கணவருக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன அன்று எங்கள் வீடு மௌத்து விழுந்த வீடு போல ஆகிவிட்டது. கல்பிட்டியில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் உலகத்திலேயே முதன்முதலாக அவருக்குத்தான் வந்ததுபோல் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காலமெல்லாம் உப்பளத்தில் நின்ற மனிதர். உப்பு செய்யாத துரோகத்தைச் சீனி செய்துவிட்டதாம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார்.

கத்தாரில் இருக்கும் அவருடைய ராத்தா, அதாவது என் மதினி, உடனே ஒரு வீடியோ அனுப்பினார். சீனி இல்லை, கோதுமை மா இல்லை, பட்டர் இல்லை. கனிந்த வாழைப்பழம், குரக்கன் மா, தேங்காய் எண்ணெய், இனிப்புக்குப் பேரீச்சம்பழம். கூடவே அவர் குரலும் வந்தது.

"தம்பிக்கி ஒவ்வொரு நாளும் இதச் செஞ்சி குடு. ஹெல்த்தி. பேரீச்சம்பழம் நபியவங்க சாப்பிட்ட சுன்னத்தான பழம், ஒண்ணும் செய்யாது."

மதினி கேக் சுட்டதை நான் கண்டதே இல்லை. அங்கே சமையலுக்கு ஆள் இருக்கிறது. வீடியோ அனுப்புவது மட்டும்தான் அவர் பொறுப்பு.

முதல் நாள் கேக் பாதி வேகும்போது கரண்ட் போய்விட்டது. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நுரைச்சோலை பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை எங்கள் ஒவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். கரண்ட் வந்த பிறகு மறுபடி வேகவைத்து எடுத்தேன். அவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதக் கட்டி எறக்கினா தோணி அசையாம நிக்கும்," என்றார்.

போகப் போகக் கை பழகியது. கேக் மெத்தென்று வந்தது. ஆனால் குரக்கன் தொண்டையில் ஒட்டுகிறதாம். நடுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, இரண்டு வாய் கடித்து, பிளேன்டீயை ஊற்றி விழுங்கிவிட்டு, "இண்டைக்கிப் போதும்" என்பார். ஓரம், தீய்ந்த அடி, மிச்சம் எல்லாம் என் தலையில். கோழிகளுக்குப் போட்டேன். அவையும் கிளறிப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயின. சாப்பாட்டை எறிவது பாவம் என்று வளர்ந்தவள் நான். ஆகவே குசினியில் நின்றபடியே தினமும் தின்று தீர்த்தேன். சொல்லப்போனால் பேரீச்சம்பழம் ஊறிய ஓரங்கள் நன்றாகவே இருந்தன.

அடுத்த கிளினிக்கில் அவருக்குச் சீனி இறங்கியிருந்தது. உடனே கிளினிக் துண்டைப் படம் பிடித்து மதினிக்கு அனுப்பினார். "பாத்தியா, ஏன்ட கேக்!" என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மாவரைத்தது நான், பேர் அவருக்கு.

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ், "சும்மாதானே இரிக்கீங்க, நீங்களும் ஒருக்கா பாருங்களேன்" என்று என் விரலிலும் குத்தினார். மெஷினைப் பார்த்தார். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தார். என் கணவருக்கு வருத்தம் கண்டுபிடித்த நாளில் இருந்ததைவிட எனக்குச் சீனி கூடுதலாக இருந்தது.

"இது கனநாளா இரிந்திரிக்கும். முந்தி ஒருத்தரும் பாக்கல்லியா?"

யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இருந்ததற்கு மேல் நான் தின்ற கேக்கும் சேர்ந்திருக்கிறது. தின்னாமல் அவருக்கு இறங்கிவிட்டது, தின்று எனக்கு ஏறிவிட்டது.

த்ரீவீலில் திரும்பும்போது அவர் ஸ்பீக்கரைப் போட்டு ராத்தாவுக்கு அழைத்தார்.

"ராத்தா, இவளுக்கும் சீனியாம்."

"அல்லாஹ்! அப்ப ஒனக்கு ஆரு கேக் செய்யிற?"

நான் பயந்துபோயிருந்தேன். கண், கால், கிட்னி என்று கேள்விப்பட்டதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. எனக்காக ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இவதான் செய்வா," என்றார். "இவ திங்காம இரிந்தாச் சரி."