போயா நாளில் விழுந்த பில்

இது நடந்தது. தியாகராஜா பொய் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வத்தேகம பஜாரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். நாற்பது வருடமாகச் சாராயக் கடை நடத்துகிறவர். ஆனால் போயாவில் ஒரு போத்தல் விற்றார் என்று அவர் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. பௌத்தர்களுக்குப் புனிதமான பௌர்ணமிப் போயாவன்று மதுக்கடை திறக்கக் கூடாது. திறந்தால் லைசன்ஸ் போகும். பேரும் போகும். அவருக்கு இரண்டாவதுதான் பெரிது.

போன வருடம் மகன் யுகேஷ் கடைக்குக் கம்ப்யூட்டர் போட்டான். போத்தலைக் காட்டினால் 'பீப்' என்னும். விலை விழும், இருப்பில் ஒன்று குறையும், சரக்கு குறைந்தால் ஓடரும் தானே தயாராகும். விலையை மாற்றும் கடவுச்சொல் தியாகராஜாவிடம் மட்டும் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அது வந்தது. மூன்று மாதமாக, ஒவ்வொரு போயாவிலும், பூட்டிய கடைக்குள், காலை 10.40க்கு ஒரு பில். அரைப் போத்தல் சாராயம் ஒன்று. விலை 290 ரூபாய்.

இன்றைய விலை அதில் ஏழு மடங்கு.

"நம்ம கேஷியர் கிருஷாந்தன்தான் கள்ளச் சாவி வச்சிருக்கான் போல," என்றான் யுகேஷ். "பில்லை அழிக்கவும் முடியாதுப்பா. நாளைக்கு மதுவரிக்காரங்க வந்து பார்த்தா என்ன சொல்றது?"

அன்று நான்காவது போயா.

"நான் உள்ளே உட்காருறேன். வழக்கம்போல வெளியே பூட்டிட்டுப் போ. எவன் வர்றான்னு பார்ப்போம்."

"தனியாவா?"

"என் கடைக்குள்ள எனக்குத் துணை வேணுமா?"

காலை 9.20க்கு ஷட்டர் இறங்கியது. வெளியே பூட்டு விழுந்தது. அந்தக் கடைக்கு வேறு வாசல் இல்லை. போனை வேனிலேயே விட்டு வந்தது பிறகுதான் தெரிந்தது.

தட்டில் இருந்த அரைப் போத்தல்களை எண்ணினார். 48. திரையிலும் 48. கதிரையை இழுத்துப் போட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். தூரத்து விகாரையில் ஒலிபெருக்கி ஓதிக்கொண்டிருந்தது.

10.25. ஒலிபெருக்கி நின்றது. பஸ் சத்தமும் நின்றது போல இருந்தது...

10.40.

பீப்.

கடைக்குள் வேறு யாரும் இல்லை. பார்கோடு வாசிக்கும் கருவி கொக்கியிலேயே தொங்கியது. அதன் சிவப்பு வெளிச்சம் மட்டும் எரிந்தது. கர்ர்ர்... பில் வெளியே வந்தது. 290 ரூபாய். கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார். போத்தல்களை மறுபடி எண்ணினார்.

47.

அந்த விலை அவருக்குத் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன், அண்ணன் திருச்செல்வம் கல்லாவில் இருந்த காலத்து விலை. அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்ததாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மை வேறு. ஒரு போயாவன்று இருப்பெடுக்க உள்ளே போனார். வெளியே பூட்டியது தியாகராஜா. ஒரு மணிக்குத் திறந்தபோது ஷட்டருக்குப் பக்கத்தில் கிடந்தார். மாரடைப்பு, ஒரு நொடியில் போயிருக்கும் என்றார் டாக்டர். போயாவன்று சாராயக் கடைக்குள் செத்தார் என்றால் ஊர் என்னென்னவோ கட்டிவிடும். மறைத்தார்கள்.

10.52. டொக்... டொக்...

ஷட்டரை யாரோ தட்டினார்கள். வெளியேயிருந்து என்றுதான் நினைத்தார்.

தகரம் வெளிப்பக்கமாக அதிர்ந்தது.

தட்டுவது உள்ளேயிருந்து. அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

"யாரு? முதலாளியா?" வெளியே பக்கத்துச் செருப்புக் கடை ஜமால்தீனின் குரல்.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். போயா நாளில் சாராயக் கடைக்குள் ஆள் இருக்கிறது என்று கூட்டம் கூடினால்? நாளைக்கு மதுவரிக்காரர் வேறு. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலடிச் சத்தம் அகன்றது.

டொக்...

பக்கத்தில் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

டொக்...

அவர் அசையவில்லை.

12.55. பூட்டுத் திறந்தது. வெளிச்சம்.

"என்னப்பா இப்படி வேர்த்திருக்கு?" யுகேஷ் அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினான்.

போத்தல்கள் 48 இருந்தன. கம்ப்யூட்டரில் அந்த நான்கு பில்களும் இல்லை. மறுநாள் மதுவரிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டுப் போனார்கள். கடையின் பேர் தப்பியது. தியாகராஜாவின் சட்டைப்பையில் அந்தத் துண்டுக் காகிதம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று மாலை ஜமால்தீன் வந்தார்.

"நேத்து வந்து கேட்டேன் முதலாளி. தட்டிக்கொண்டே ஈந்தீங்க. ஒரு குரல் குடுத்தா என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

"நான் தட்டல."

ஜமால்தீன் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப, உங்க அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதா சொன்னீங்களே, அண்டைக்கும் இப்பிடித்தான் சத்தம் கேட்டிச்சு. பத்து நாப்பது, பத்தே முக்கால் ஈக்கும். யாருன்னு கேட்டேன். பதிலில்ல. தட்டுறது மட்டும் பன்னெண்டரை வரைக்கும் நிக்கல்ல."

ஒரு நொடியில் போயிருக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார்.

இரண்டு மணிநேரம். அண்ணனும் குரல் கொடுக்கவில்லை.