பின்பக்கக் கையெழுத்து

அன்று நாங்கள் நாடு விட்டு வந்து குடியிருந்த லிட்கம் வீட்டுக் குசினியில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அவளுடைய தமையன். அவரை நான் மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். வேறு ஒருவரும் இல்லை. பிற்பாடு எங்கள் ஆட்கள் சிலர் தாங்களும் பக்கத்தில் நின்றதுபோல இந்தக் கதையைச் சொல்லித் திரிந்ததால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் வேலை செய்த பெயின்ற் தொழிற்சாலையை மூடினார்கள். கணக்குத் தீர்த்து, அறுநூற்று இருபது டொலருக்கு என் பெயரில் ஒரு பாங்க் செக் தந்தார்கள். அதே வாரம் மச்சானுக்கு ஒரு நெருக்கடி. அவருடைய மனைவியும் மகளும் கொழும்பிலிருந்து வருவதற்கு விமான ரிக்கற் பதிந்திருந்தார். வியாழன் பின்னேரத்துக்குள் காசு கட்டாவிட்டால் இரண்டு இடமும் போய்விடும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். மகளை மச்சான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார்.

என் செக்குக் காசை அவருக்குக் கடனாகத் தருவதாகச் சொன்னேன். ஆனால் செக்கை என் கணக்கில் போட்டால் காசு கைக்கு வர நாளாகும். செக் எழுதிய பாங்கிலேயே மச்சானுக்குக் கணக்கு இருந்தது. பின்பக்கத்தில் அவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி, நான் கையெழுத்து வைத்தால் உடனே காசு தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கையெழுத்து வைத்த செக் வழியில் விழுந்துவிட்டால்? பிழையாக எழுதிவிட்டால், மூடின தொழிற்சாலையில் யாரிடம் போய் வேறு கேட்பது? பழைய பேப்பரில் எழுதிப் பழகினேன். பழகப் பழகக் கோணல் நிமிர்ந்து கையெழுத்து வடிவாக வந்தது.

“என்னப்பா, கலியாண எழுத்தில கையெழுத்து வைக்கக்கூட இவ்வளவு நேரம் எடுக்கேல்லையே” என்றாள் மனைவி.

செக்கில் பேனையை வைக்கப்போன நேரம்தான் நினைவு வந்தது. அன்று வியாழக்கிழமை, ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம். மணிக்கூட்டில் ஒன்றே முக்கால். பேனையைக் கீழே வைத்தேன்.

“மூண்டு மணிக்குப் பிறகு வைக்கிறன், மச்சான்.”

“மூண்டு மணிக்கு பாங்கைப் பூட்டிப்போடுவாங்கள்! என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?”

“உன்ர மனிசியும் பிள்ளையும் பிளேனில வாற காசடா. கூடாத நேரத்தில எப்பிடி வைக்கிறது?”

மனைவி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தாள். “கோடைக்கெண்டு இவங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டவங்கள் எல்லே? அதை ராகுவுக்கு ஆர் சொன்னது? ராகு வர இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. வையுங்கோ.”

“தங்கச்சி, நீ பாராளுமன்றத்தில இருக்கவேண்டிய ஆள்” என்றார் மச்சான்.

வைத்தேன். நானும் மச்சானும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். பாங்கில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த பெண் செக்கையும் என் பாஸ்போட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்றாள். நான் பழகி எடுத்த வடிவு செய்த வேலை அது. தன் முன்னால் இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள்.

அவள் தலைக்கு மேலே மணிக்கூடு. இரண்டரை தாண்டிவிட்டது. மனைவியின் கணக்குப்படியும் இப்போது ராகு வந்தாயிற்று. மச்சானும் அதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, எனக்கு முகம் காட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கழுத்து வேர்த்திருந்தது.

என் பழைய கோணல் கையெழுத்தை வைத்தேன். அவள் காசை எண்ணிக் கொடுத்தாள். மச்சான் ஏஜென்சிக்குப் போக ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அந்த மாதமே அவருடைய மனைவியும் மகளும் சுகமாக வந்திறங்கினார்கள். விமான நிலையத்தில் பிள்ளை மச்சானிடம் போகாமல் வீறிட்டு அழுதது. அவர் அதற்கும் சிரித்தார்.

பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் இருபது இருபது டொலராகத் திருப்பித் தந்தார். அடுத்த பிள்ளை பிறந்ததோடு அது நின்றது. “கேளுங்கோவன்” என்பாள் மனைவி. கேட்டால் கோபிப்பாரோ என்று பயம், கேட்காவிட்டால் மறந்துவிடுவாரோ என்றும் பயம். இன்றுவரை கேட்கவில்லை. வரவேண்டியது நாற்பது டொலர்.