அக்கா முட்டியில் கட்டிய டைனமோ

2005ஆம் ஆண்டு கோடையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தவனை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு எஞ்சினியர்கள் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வயதானவர், இன்னொருத்தி இளம்பெண். அவர்கள் ஒரு கருவி செய்திருந்தார்கள். அதை முழங்காலில் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். காலை மடக்கி நீட்டும்போதெல்லாம் உள்ளே சின்ன டைனமோ சுற்றும். அந்தக் கரண்ட் இடுப்பில் தொங்கும் பேட்டரியில் சேரும். அதிலிருந்து செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம்.

நாள் முழுக்க நடக்கிற ஆள் வேண்டும் என்றார்கள். நான் என் அக்காவைச் சொன்னேன்.

அக்கா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தாள். பாத்தியில் வாரிவைத்த உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். மாமா குவைத்தில் இருந்தார். வாரம் ஒருமுறை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிடுவார். அங்கே காத்திருக்கும் அத்தனை பேர் காதும் அவள் பேச்சில்தான் இருக்கும். ஒரு மாதம் கருவியைக் கட்டிக்கொண்டால் செல்போன் அவளுக்கே சொந்தம் என்றேன்.

"நம்ம ஊட்டுல பிளக்கே இல்லியேடா?"

"அதுக்குத்தான்க்கா இது. நீ நடந்தாலே சார்ஜ் ஏறிடும்."

"நடக்கறதுக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள்.

முதல் மூன்று நாள் குறையில்லை. மூன்றாம் நாள் மாமா அந்த போனில் கூப்பிட்டார். வரப்பில் தள்ளிப்போய் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் பேசினாள். நாலாம் நாள் பெல்ட்டுக்கு அடியில் தோல் உரிந்திருந்தது. உப்புத்தண்ணீர் அதில் இறங்கியிருந்தது.

"தீயாட்டம் எரியுதுடா. காலத் தூக்கவே முடியல. அவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

அந்த எஞ்சினியர் பெண் நோட்டுப் புத்தகத்துடன் காத்திருந்தாள், பெரியவரும் பக்கத்தில் இருந்தார். புதுச்சேரியில் பட்டறை போடப்போகிறார்கள், எனக்கு அங்கே நிரந்தர வேலை என்று முந்தின நாள்தான் பெரியவர் சொல்லியிருந்தார். கொஞ்சம் கனமாக இருக்கிறதாம், பழகிவிடுமாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "வலிக்குதுன்னு சொன்னா எதுக்குடா சிரிக்கறாங்க?"

நான் பேட்டரி ஒயரைச் சரிபார்க்கக் குனிந்தேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

இன்னும் ஆறு நாள் அதைக் கட்டிக்கொண்டு நடந்தாள். தினமும் அந்தப் பெண் கேட்டாள், தினமும் நான் நன்றாக இருக்கிறது என்றேன். அதற்கடுத்த நாள் முட்டி பந்துபோல வீங்கி, காய்ச்சலில் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சீழைக் கீறி எடுத்தார்கள். டாக்டர் எப்படி ஆனது என்று விசாரித்தபோது வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன்.

"அவன் வேணாங்க. எனக்கு வலிக்கறத நானே சொல்றேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் கட்டிலருகே நின்று அழுதாள். "தினமும் உன்னிடம் கேட்டேனே" என்றாள். கேட்டாள்தான். அவர்கள்மேல் பழி போட எனக்கு வழியே இல்லை. பெரியவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செல்போனை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கருவியோடு போய்விட்டார்கள். பட்டறை வேலையும் அதோடு போயிற்று.

அந்தப் பருவம் முழுவதும் அக்கா உப்பளத்தில் கால் வைக்கவில்லை. மாமா கூப்பிட்டபோது, "வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று அப்போது மனசு லேசானது. அப்படி லேசானதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இப்போதும் போனால் சோறு போடுகிறாள். ஆனால் பேங்க் பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் எதிர்வீட்டுப் பெண்ணிடம்தான் எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்கிறாள்.