தலைச்சன் போட்ட இரண்டு கையெழுத்து

"கொள்ளி வெச்சது நான். தலைச்சன் நான். இவ யாரு நடுவுல?"

செகந்திராபாத் கோர்ட் வராந்தாவில் ரகுபதி போட்ட சத்தம் இது. இவ என்று அவர் கைநீட்டிய விஜயா அவருடைய அப்பாவின் இரண்டாவது சம்சாரத்துக்குப் பிறந்தவள். நாச்சாரத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் அவளுடைய வக்கீலிடம் குமாஸ்தா.

ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு மல்காஜ்கிரியில்கூட ஓட்டு வீடு வைத்திருந்தவர்களைப் பில்டர்கள் தேடி வந்தார்கள். அப்பா போனதும் ரகுபதி, அங்கே அப்பாவின் ஓட்டு வீட்டுப் பின்கட்டில் இருந்த விஜயாவையும் அவள் அம்மாவையும் காலிசெய்யச் சொன்னார். அவள் பாகப்பிரிவினைக்குக் கேஸ் போட்டாள்.

ஜமீன் காலத்தில் மூத்தவனுக்கே எல்லாம் போயிருக்கலாம். இன்றைய இந்து வாரிசுச் சட்டத்தில் தலைச்சனுக்கென்று தனிப் பங்கு இல்லை, கொள்ளி வைத்ததற்கும் இல்லை. விஜயாவின் சிக்கல் வேறு. மூத்த சம்சாரம் உயிரோடு இருக்கும்போதே நடந்த கல்யாணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளை செல்லும். அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் அதற்குச் சரிபங்கு உண்டு, தாத்தா வழிச் சொத்தில் அப்போதெல்லாம் கோர்ட்டுகள் தந்ததில்லை. ரகுபதியின் வக்கீல் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். தாத்தா நிலத்தை விற்றுத்தான் வீடு வாங்கியது என்று பதில் மனு போட்டார்கள். எங்களிடம் அதை உடைக்க ஒரு காகிதமும் இல்லை.

அப்போது விஜயா ஓடிவந்தாள். "அக்கா, பில்டர் ஆளுங்க வந்து டேப் பிடிச்சு அளக்கறாங்க! நக்கோ, வேணாம்னா கேக்க மாட்டேங்கறாங்க!"

சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஈ.சி.யை அப்பா இறந்த தேதி வரைக்கும்தான் எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு யார் என்ன எழுதியிருக்கப் போகிறார்கள் என்ற மெத்தனம். வருஷக்கணக்காக எல்லாக் கேஸிலும் இதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். பில்டர் அளக்கிறார் என்றால் ரகுபதி ஏதோ எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு ஓடி, அன்றைய தேதி வரை கேட்டேன். கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. கேஸுக்கு முன்பே ரகுபதி பில்டருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்! நகல் எடுத்துப் படித்துவிட்டு நேரே எங்கள் வக்கீலிடம் ஓடினேன்.

விசாரணை தெலுங்கில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன். எங்கள் வக்கீல் கூண்டில் நின்ற ரகுபதியிடம் அந்த நகலை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஹவ்... ஆமா."

"வீடு முழுக்க அப்பாவோட சொந்தச் சம்பாத்தியம், தாத்தா சொத்து எதுவும் சேரலைன்னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

"சித்தப்பா பசங்க பங்குக்கு வந்துடக் கூடாதுன்னு பில்டர் எழுதச் சொன்னாரு."

"அப்போ கோர்ட்ல தாத்தா சொத்துன்னு எழுதினது?"

ரகுபதி தன் வக்கீலைப் பார்த்தார். அவர் ஃபைலைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பதில் சொல்லுங்க" என்றார். எனக்கு எழுந்து நின்று விசிலடிக்கத் தோன்றியது. குமாஸ்தா என்பதால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எதிராளி உங்களுக்கு எதிராக எழுதியதை மட்டும் படிக்காதீர்கள். மற்றவர்களுக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறார் என்றும் தேடிப் படியுங்கள். பங்காளியை விரட்ட எழுதியது ஒன்று, தங்கையை விரட்ட எழுதியது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து அவரையே விரட்டின.

ரகுபதியின் அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டதால் வாரிசு இவர்கள் இரண்டு பேர்தான்; சரிபாதி என்று தீர்ப்பானது. நகல் வந்த அன்று, எந்தப் பக்கம் யாருக்கு என்று விளக்கப் போனேன். விஜயா தடுத்தாள்.

"அது இருக்கட்டும் அக்கா. என்னை யாருன்னு போட்டிருக்காங்க? அதைப் படிங்க."

படித்தேன். "இறந்தவரின் சட்டபூர்வமான மகள்."

"இன்னொரு வாட்டி," என்றாள். "சத்தமா."

ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.