புழுதிக்குப் படல் கட்ட வைத்த சாரம்மாள்

களக்காட்டுப் பக்கம் சாரம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. மாட்டைக் குளிப்பாட்டினால் மாடு கட்டிய கயிற்றையும் சேர்த்துக் கழுவுகிறவள். அவள் தோட்டத்தில் களையெடுக்கிற பெண்கள் வெற்றிலை துப்ப வேண்டுமென்றால் வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். புருஷன் போன பிறகு பதினோரு வருஷமாக அந்த ஒரு ஏக்கரை ஒண்டியாகப் பார்த்து வந்தாள். சோறும் மரியாதையும் அவளுக்கு அதுதான்.

தோட்டத்துக்கு மேற்கே வைத்தியலிங்கத்தின் நிலம். ஆனி மாதம் மலையிலிருந்து காற்று இறங்கும் சமயம் பார்த்துத்தான் அவர் உழுவார். புழுதி அத்தனையும் சாரம்மாளின் கடலைச் செடியில் வந்து உட்காரும். 1995 ஆனியில் சண்டை முற்றியது. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, இரண்டு நிலத்துக்கும் நடுவே அவரை ஓலைப் படல் கட்ட வைத்தாள். அவரும் கட்டினார். தெற்கே பத்து முழத்துக்கு ஓலை பற்றாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்த வழியாக உழவுப் புழுதி உள்ளே வந்ததும் அவரோடு பேச்சையே நிறுத்தினாள்.

ஆடியில் கடலையில் புழு விழுந்தது. பகலில் மண் வெடிப்பில் பதுங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஏறி இலையை அரித்தது. இரண்டு தடவை மருந்தடித்துப் பார்த்தாள். விருந்துக்கு வந்ததுபோல் நிதானமாகத் தின்றது. சாரம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடலை போனால் அடுத்த பட்டத்துக்கு விதை கிடையாது. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடு என்று கொழுந்தன் ஞானசிகாமணி வாசலில் வந்து நிற்பான்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், படல் இல்லாத அந்தப் பத்து முழத்தில் மட்டும் புழுக்கள் செடி உச்சியில் ஏறித் தலைகீழாகச் செத்துத் தொங்கின. தொட்டால் தோல் கிழிந்து ஒழுகியது. தோட்டத்தில் அந்த அசுத்தம் கிடக்க சாரம்மாள் விடுவாளா? ஒன்று விடாமல் பொறுக்கிச் சருகு போட்டு எரித்துவிட்டு, கையைச் சீயக்காய் போட்டு நான்கு தடவை கழுவினாள்.

மத்தியானம் வேளாண்மை அலுவலகத்து அனுராதா மொபெட்டில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எரிச்சிட்டீங்களா? அது புழுவுக்கு வர்ற வைரஸ் நோய் அக்கா. நமக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் செய்யாது. போன வருசம் வைத்தியலிங்கம் அண்ணாச்சி நிலத்துல புழு இப்படித்தான் செத்துச்சு. அவர் உழுததுல எல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டு. வெயில் படாத மண்ணுல அந்தக் கிருமி வருசக்கணக்கா கிடக்கும். புழுதியோட பறந்து இலையில படியும், மழைத்தண்ணி தெறிச்சும் ஏறும். அந்த இலையைத் தின்ன புழு செத்துப்போகும். செத்ததை அரைச்சுக் கரைச்சு அடிச்சிருந்தா தோட்டம் முழுக்கப் பரவியிருக்கும்."

"இப்ப என்ன செய்ய?"

"அவர் மண்ணுல நாலு கூடை வாங்கிக் கரைச்சு, வடிகட்டி, சாயங்காலமா அடிச்சுப் பாருங்க. அதுல சாகுற புழுவையாவது எரிக்காதீங்க."

புழுதியை மறித்துப் புழுவைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று சாரம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். வைத்தியலிங்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நாலு கூடை மண்ணு வேணும்."

"எந்த மண்ணு?"

"உங்க மண்ணுதான்." அனுராதா சொன்னதையெல்லாம் தரையைப் பார்த்தபடி ஒப்பித்தாள்.

"என் புழுதி ஒரு பொட்டு உன் தோட்டத்துல விழக்கூடாதுன்னு ஊருக்கு முன்னால சொல்ல வச்சியேம்மா. நான் வாக்கு மாறுத ஆளா?" அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

சாரம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். நேரே படலுக்குப் போய் முதல் ஓலையைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. அடுத்ததையும் இழுத்தாள். ஐந்தாவது ஓலைக்கு வைத்தியலிங்கம் எழுந்து வந்தார்.

"கையைக் கிழிச்சிராத. இரு, அருவா தாரேன்."

கூடையையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். எட்டாம் நாள் தோட்டத்தில் அங்கங்கே புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. சாரம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவற்றை அரைத்து, கரைத்து, மறுபடியும் அடித்தாள். பாதிக் கடலை தப்பியது. விதைக்கு அது போதும். ஞானசிகாமணி வந்து காப்பி குடித்துவிட்டு, குத்தகைப் பேச்சை எடுக்காமலே போனான்.

அடுத்த ஆனியில் காற்று இறங்கி மூன்று நாளாயிற்று. மேற்கே உழவுச் சத்தத்தைக் காணோம். சாரம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரப்பில் போய் நின்று குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, காத்து இந்த அடி அடிக்கி. இன்னும் உழாம என்ன செய்யுதிய?"