சுஷ்மிதாவுக்கு எடுத்த பட்டு

ஸ்டெல்லா என்றால் எங்கள் கோயில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் கொஞ்சம் நடுக்கம்தான். சுருதி தப்பினால் பூசைக்கு நடுவிலேயே திரும்பி முறைப்பாள். கிளமெண்டியில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களையும் அந்தப் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டாள். அப்பேர்ப்பட்டவளின் வாய், போன ஆண்டு மகள் சுஷ்மிதா போனதோடு அடைத்துப்போனது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் டெங்கிக் காய்ச்சலில் படுத்த பெண், எழுந்திருக்கவே இல்லை. ஒரே பிள்ளை. என்ன சொல்லித் தேற்றுவது?

கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுச்சேலையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள் ஸ்டெல்லா. யாரையும் தொட விட்டதில்லை.

இந்த ஆண்டு வட்டாரக் கலைவிழா லிட்டில் இந்தியாவின் சந்துகளோடு நிற்காமல், எங்கள் பழைய தேவாலயத்துக்குள்ளும் வந்தது. வீடு வீடாகச் சேலை வாங்கிக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பந்தல் அமைக்கப் போவதாக, இனியா என்ற இளம் ஓவியர் அறிவித்தாள். ஸ்டெல்லாவின் கணவர் சூசை என்ன செய்தார் தெரியுமா? மனைவிக்குத் தெரியாமல் அந்தப் பட்டுச்சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டார். மனுஷனுக்குப் புத்தி வேண்டாமா?

தொடக்க விழாவன்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவும் அண்ணாந்தாள். சட்டென்று என் தோளை இறுகப் பிடித்தாள். பீடத்துக்கு முன்னால், உயரத்தில், அந்த அரக்குப் பட்டு தொங்கியது.

“அதை எறக்குங்க. அது என் மகளோடது,” என்றாள்.

இனியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “சாரி ஆன்ட்டி, அங்கிள் டொனேட் பண்ணாங்கன்னு நெனைச்சேன் லா. இப்பவே ஏணி கொண்டுவரச் சொல்றேன்.”

சூசை தூணோரம் நின்றிருந்தார். நான்தான் பொறுக்கமாட்டாமல், “என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?” என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“இந்தக் கோயில்ல கட்டிக்கிட்டு நிக்கத்தானேம்மா எடுத்தோம். ஒரு தடவையாவது உள்ள வரட்டும்னு தோணுச்சு. ஒன்கிட்ட கேட்டா விடமாட்டே.”

எனக்கிருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவம், அவரும் அப்பாதானே. அழுகையை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏணி வந்தது. ஸ்டெல்லா கையை நீட்டி அதைத் தடுத்துவிட்டு, கூட்டத்தில் நின்ற பங்குத் தந்தையிடம் போனாள்.

“ஃபாதர், கல்யாணத்தன்னைக்குச் சேலைய மந்திரிச்சுக் குடுப்பீங்கல்ல? அதே மாதிரி இதையும் மந்திரிச்சிருங்க.”

அவர் தயங்கினார். பிறகு தீர்த்தத்தை எடுத்துவந்து, ஜெபம் சொல்லி, மேல்நோக்கித் தெளித்தார். பட்டு வரைக்கும் எட்டவில்லை. துளிகள் கீழே நின்ற ஸ்டெல்லாவின் முகத்திலும் சூசையின் சட்டையிலும் விழுந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“இப்ப எறக்குங்க,” என்றாள். “பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்.”