மதினி மறக்காத காலை

அடி கருகிய பால் சட்டி ஒன்று எங்கள் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் எந்நேரமும் ஊறிக்கொண்டு கிடக்கும். அது பெரியம்மாவின் மருமகள், எங்கள் மதினி செய்த வேலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவில் பேச்சுக் கொடுத்தாளென்றால் அவ்வளவுதான், தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வரும். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுவாள். “ஏடி, கட்டுன புருசன் பேராவது ஞாபகம் இருக்கா?” என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பெரியம்மா அதற்கு நேர் எதிர். எந்தக் கல்யாணத்தில் யார் என்ன கலர் சேலை கட்டியிருந்தாள், பந்தியில் எந்தப் பொரியல் தீர்ந்துபோனது, சம்பந்தக்காரர் எந்த வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டு எழுந்தார் என்பதெல்லாம் நேற்று நடந்ததுபோல் ஒப்பிப்பாள். சொந்தத்தில் ஒரு தகராறு என்றால் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்தப் பெருமையில் மருமகளை இளக்காரமாகப் பேசுவதும் உண்டு. ஞாபகசக்தி உள்ளவர்கள் என்னவோ அதை உழைத்துச் சம்பாதித்ததுபோல் பீற்றிக்கொள்வதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் பெரியம்மா, அவள் மகளான எங்கள் அக்கா, மதினி மூவரும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். ஒரே அறையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கும் வேலை. ஒன்றென்றால் குதித்து ஓடுவதற்காக அந்த அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். ஆனால் சீசனில் ஆளும் சரக்கும் கூடிப்போய், வாசலை விட்டுத் தள்ளி உள்ளே ஒடுங்கி உட்காருகிறவர்களும் உண்டு. வாசலோரம் இருப்பவள் பிழைப்பாள் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்த அறையில் கல்யாணம் ஆகாத பெண்களுக்குத்தான் வாசலோரத்தை விட்டுக்கொடுப்பார்கள். அக்காவின் இடமும் அதுதான்.

தீபாவளி சீசனில் ஒரு நாள் காலை அந்த அறை வெடித்தது. பெரியம்மா வெளியே தூக்கி வீசப்பட்டுத் தலையில் அடிபட்டாள். மதினி எதிர் வாசல் வழியாகக் குதித்து, வலது கை வெந்து பிழைத்தாள். அக்கா அன்றைக்கு வாசலோரத்தில் இல்லை, உள்ளே இருந்தாள். அவளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்கு நினைவு திரும்பியபோது அந்த ஒரு காலை மட்டும் அவளிடம் இல்லை. முந்தின நாள் என்ன குழம்பு என்பது வரைக்கும் சொன்னாள். கம்பெனி வேனில் ஏறியது தெரியவில்லை. தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு அதற்குச் சற்று முன்னால் நடந்தது மனதில் பதியாமலே போய்விடுவது உண்டு, திரும்பி வருவது சந்தேகம்தான் என்றார் டாக்டர். ஊர்க் கல்யாணத்தையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தவளுக்குப் பெற்ற மகளின் கடைசிக் காலை கிடைக்கவில்லை. என்ன கொடுமை இது!

“வாசலோரம் இருக்கிறவ அன்னைக்கு மட்டும் ஏன் உள்ள போனா? நீ பாத்தியா?” என்று மருமகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். “எனக்கு என்னத்த ஞாபகம் இருக்கு அத்தை?” என்பாள் மதினி. அவள் மறதிதான் ஊரறிந்ததாயிற்றே, யாரும் சந்தேகப்படவில்லை.

ஒருநாள் அவள் வெந்த கைக்கு மருந்தெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள். “ஞாயித்துக்கிழம உங்க அக்காவப் பொண்ணு பாக்க வர்றதா இருந்துச்சில்ல. வாசல்ல வெயிலு சுள்ளுன்னு அடிச்சிச்சு. அத்தைதான், ‘மூஞ்சி கருத்துப்போயிரும்டி, நீ உள்ள தள்ளி உக்காரு, நான் அங்கன இருந்துக்கிறேன்’னாக. அவ சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சி மாறி உக்காந்தா. அடுப்புல வச்ச பாலு மறக்குது தாயி, இது மறக்கமாட்டேங்குது. இதச் சொன்னா அத்தை உசுரோட இருப்பாகளா?”

ஒரே அறை, ஒரே காலை. ஒருத்திக்குத் துடைத்ததுபோல் போனது, இன்னொருத்திக்கு வெயில் விழுந்த இடம்கூடத் தங்கிவிட்டது. பாலும் உப்பும் மதினியின் மனதை ஒருபோதும் தொட்டதில்லை, அதனால் நிற்கவில்லை. பயந்து நடுங்கியது ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எது யாரிடம் தங்கவேண்டும் என்பதில் நியாயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தேடித் தவித்தவளுக்கு அது இல்லை. வேண்டாம் என்றவளை அது விடவும் இல்லை.

பதில் கிடைக்காத பெரியம்மா, தானே ஒரு பதிலை உண்டாக்கிக்கொண்டாள். மகள் தன் பேச்சை மீறி உள்ளே போயிருக்கிறாள் என்பது அவள் முடிவு. அக்காவின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, “வாசல விட்டு நகராதன்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருப்பேன்! கேட்டியாடி, சண்டாளி?” என்று வைவாள். நாளாக நாளாக அழுகை குறைந்து வசவு கூடியது. செத்தவளுக்கு இப்படி ஒரு கெட்ட பெயரா என்று எனக்கு வயிறு எரியும். மதினி கேட்டும் கேளாததுபோல் அடுப்படியில் இருப்பாள்.

ஒரு வருடம் அக்காவின் திதிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பெரியம்மா வழக்கம்போல் தொடங்கினாள். கூட இருந்த ஒருத்தி, “ஆமா, அவளுக்குப் பிடிவாதம் சாஸ்திதான்” என்று ஒத்து ஊதினாள். சோறு பரிமாறிக்கொண்டிருந்த மதினி சட்டியைக் கீழே வைத்தாள்.

“அவள வையாதீக அத்தை. அவ பேச்ச மீறல. நான்தான் உள்ள போயி உக்காரச் சொன்னேன்.”

“நீயா? எதுக்குடி சொன்ன?” என்றாள் பெரியம்மா.

“வெயிலடிச்சிச்சு. மூஞ்சி கருத்துப்போயிரும்னு சொன்னேன்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். மதினி என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே அடங்கிவிட்டேன். அன்றைக்கே பெரியம்மாவின் மகனான எங்கள் அண்ணனும் மதினியும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இப்போது சாத்தூரில் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை.

பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் மட்டும் குறையவில்லை. யார் வந்தாலும், மதினி அந்தத் திதியன்றைக்குக் கட்டியிருந்த சேலையின் நிறத்திலிருந்து சொன்ன வார்த்தைவரை ஒப்பித்து, மண்ணை வாரித் தூற்றுகிறாள். மகளை மட்டும் இப்போது வைவதே இல்லை. படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, “எம் பிள்ள யாரு பேச்சையும் தட்டமாட்டா” என்று அழுகிறாள்.